ரெனன்குலஸ்: மழைக்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் கிழங்கு

மே மாதம் ஊட்டி மலர்க்காட்சிக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ரெனன்குலஸைப் பார்த்திருப்பார்கள். பெயரைக் கவனித்திருக்க மாட்டார்கள். தாவரவியல் பூங்காவின் மலர் மாடத்தில் அடுக்கியிருக்கும் தொட்டிகளுக்கு நடுவே, ரோஜாவா என்று ஒரு நொடி யோசிக்க வைக்கும் பூ ஒன்று இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, அரக்குச் சிவப்பு, சுத்த வெள்ளை என்று பல நிறங்கள். ஒரே பூவில் நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குனிந்து இலையைப் பார்த்தால்தான் இது வேறு செடி என்று புரியும்; கொத்தமல்லித் தழை போல வெட்டுவெட்டான இலை.

காட்சி முடிந்து ஜூன் பிறந்துவிட்டால் அந்தத் தொட்டிகளை யாரும் நினைப்பதில்லை. நர்சரியில் ஆசையாக ஒரு தொட்டி வாங்கி ஊருக்குக் கொண்டுபோனவர்கள், சில வாரங்களில் இலை மஞ்சளாவதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று மண்ணோடு கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான். அந்தச் செடி சாகவில்லை, தூங்கப் போகிறது. மண்ணுக்கடியில் கிழங்கு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் பூத்து, பிறகு சில மாதங்கள் உறங்கி, மறுபடி எழக்கூடிய பல்லாண்டுச் செடி அது. ஒரு தடவை பூத்ததோடு முடிந்துபோகிற பருவச் செடிகளோடு சேர்த்து நாம் அதைக் குப்பையில் போடுகிறோம்.

நீலகிரியில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள கேத்தியில், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு மேலே, சில வருடங்களாக இதை வளர்த்து வருகிறேன். இந்த மலையில் இதைப் பூக்க வைப்பது பெரிய காரியமே இல்லை. தூங்க வைப்பதுதான் காரியம்.

அதற்குக் காரணம் அதன் பிறந்த ஊர். ரெனன்குலஸ் ஏசியாட்டிகஸ் என்பது இதன் முழுப்பெயர். கிரீட் தீவு, சைப்ரஸ், துருக்கி, சிரியா, இஸ்ரேல், ஜோர்டான் என்று மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையை ஒட்டிய நிலங்களில் காட்டுப் பூவாக வளர்வது. அங்கே மழை குளிர்காலத்தில் வரும். கோடையில் ஒரு சொட்டு கிடையாது. அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்ததும் கிழங்கு விழிக்கும். குளிரிலும் ஈரத்திலும் இலை விடும். மார்ச், ஏப்ரலில் பூக்கும். வெயில் ஏறியதும் மேலே இருப்பதையெல்லாம் உதிர்த்துவிட்டு, காய்ந்து வெடித்த மண்ணுக்குள் கோடை முழுவதும் கிடக்கும்.

நம் நீலகிரியின் கணக்கு இதற்கு நேர்மாறு. டிசம்பரில் இருந்து மார்ச் வரை வானம் தெளிவாக, பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும். ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. அதாவது, இந்தக் கிழங்கு எலும்பு வரை காய்ந்து கிடக்க வேண்டிய மாதங்களில்தான் நம் மண் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது.

சமவெளியாக இருந்தால் ஜூன் மாதத்து மண் சூடாகவாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. குளிரும் ஈரமும் ஒன்றாக வந்தால் விழித்துக்கொள் என்பதுதான் இந்தக் கிழங்குக்குள் பதிந்திருக்கும் கட்டளை. நம் ஆடி மாதம் இரண்டையும் அள்ளிக் கொடுக்கிறது. மண்ணிலேயே விட்டுவைத்த கிழங்கு பாதித் தூக்கத்தில் முளைவிடப் பார்க்கும். வெயிலில்லாத ஈரத்தில் அந்த முளை அழுகும். அழுகல் கிழங்குக்குள் இறங்கும். செப்டம்பரில் தோண்டிப் பார்த்தால் பழுப்பு நிறக் கூழைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. சீமைத் தோட்டக்கலைப் புத்தகங்களில் "குளிர் அதிகமான இடங்களில் கிழங்கைத் தோண்டி எடுத்து வையுங்கள்" என்று இருக்கும். நாம் தோண்டி எடுப்பது குளிருக்காக இல்லை, மழைக்காக.

இனி கிழங்கைப் பார்ப்போம். உலர்ந்த ரெனன்குலஸ் கிழங்கை முதன்முறை கையில் வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். சுண்டுவிரல் நுனியை விடச் சின்னதாக, குச்சிகுச்சியாக நாலைந்து விரல்கள் கீழே தொங்க, மேலே ஒரு கொண்டை. கொண்டையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு ரோமம். அழுத்தினால் ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இதை ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். விரல்கள் ஒவ்வொன்றும் பருத்து, சுருக்கம் நீங்கி, வெளிர் பழுப்பாக மினுமினுக்கும். கொண்டைப் பஞ்சு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படிந்திருக்கும். பஞ்சை விரலால் ஒதுக்கினால் அடியில் ஊசிமுனை அளவில் வெள்ளை மொட்டு தெரியும். அந்த வெள்ளைதான் செடி. விரல்கள் வெறும் சேமிப்பு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உருளைக்கிழங்கு உண்மையில் தண்டு. அதனால் அதன் உடம்பெல்லாம் கண் இருக்கிறது, கண் உள்ள எந்தத் துண்டை வெட்டி நட்டாலும் முளைக்கும். ரெனன்குலஸின் விரல்கள் வேர்கள். வேருக்குக் கண் கிடையாது. தனியாக ஒடிந்த விரலை எத்தனை பக்குவமாக நட்டாலும் முளைக்காது. கொண்டையின் ஒரு சிறு பகுதியாவது ஒட்டியிருக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லோரும் வளர்க்கும் டேலியாவுக்கும் இதே விதிதான். நாட்டுச் செடிகளில் தண்ணீர்விட்டான் கிழங்கின் அமைப்பு இதற்குக் கிட்டத்தட்ட வரும். அதுவும் கொத்துக்கொத்தாகத் தொங்கும் வேர்க்கிழங்குதான்.

அந்த விரல்களுக்குள் நடப்பது எனக்குப் பெரிய வியப்பு. உலர்ந்த விதைகள் நீரின்றி உயிரோடு இருப்பது நமக்குப் பழக்கமான விஷயம். ஆனால் வேர், இலை மாதிரியான உறுப்பு அவ்வளவு தூரம் காய்ந்தால் பொதுவாக மீளாது. இந்தக் கிழங்கு மீள்கிறது. இஸ்ரேலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உறக்கத்துக்குள் போகும்போது செல்களுக்குள் மாவுச்சத்தும் புரதமும் அடைந்துகொள்கின்றன. செல் சுவர்கள் பெக்டின் ஏறித் தடித்துவிடுகின்றன. ஜாம் இறுகுவதற்குக் காரணமான அதே பெக்டின்தான். தண்ணீர் கிடைத்ததும் அந்தச் சுவர்கள் உறிஞ்சி உப்புகின்றன. செல்கள் கிழியாமல் பழைய உருவத்துக்கு வருகின்றன. கிண்ணத்தில் மூன்று மணி நேரத்தில் நாம் பார்ப்பது இதைத்தான்.

இதில் தோட்டக்காரருக்கு ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. தண்ணீரை இத்தனை ஆசையாக இழுக்கும் சுவர், காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். சேமிப்பைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு வருகிறேன்.

நடவுக் காலம் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை. வடகிழக்கு மழையின் வேகம் அடங்கியிருக்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் இந்த மழை பலமாக வரும் என்பதால் அங்கே இருப்பவர்கள் இன்னும் ஓரிரு வாரம் பொறுக்கலாம். கொடைக்கானலுக்கும் அதே யோசனைதான். மே மாதக் காட்சிக்காகத் தொட்டியில் வைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் நடுவார்கள். நட்டதில் இருந்து பூ வர ஏறத்தாழ மூன்று மாதம் என்பதை வைத்து எல்லாக் கணக்கையும் போட்டுக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டத்துக்கு முந்தைய நடவே நல்லது. பிப்ரவரி கடைசியில் பூக்கத் தொடங்கினால், கோடை மழை வந்து இதழை நனைத்து அழுக வைப்பதற்குள் ஒரு மாதமாவது நிம்மதியாகப் பூவைப் பார்க்க முடியும்.

மண்ணில் இரண்டு வேலை. ஒன்று, புளிப்பைக் குறைப்பது. தேயிலையும் உருளைக்கிழங்கும் விளையும் நம் மண் நல்ல அமிலத்தன்மை உள்ளது. கார அமில நிலை 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது இங்கே சாதாரணம். இந்தச் செடி 6 முதல் 6.5 வரை கேட்கும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத்தூள் தூவிக் கொத்திவிட்டால் போதும். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் இன்னும் நல்லது. புளிப்பையும் குறைக்கும், பூவுக்கு வேண்டிய சாம்பல்சத்தையும் தரும். இரண்டாவது வேலை வடிகால். சரிவில் மேட்டுப்பாத்தி போட்டு, நன்றாக மக்கிய தொழு உரமும் மணலும் கலந்துவிட வேண்டும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை கொழுத்து நிற்கும், மொட்டு தாமதமாகும், அசுவினியும் தேடி வரும்.

ஊறவைத்த கிழங்கை அப்படியே நடுகிறவர்கள் உண்டு. நான் முதலில் முளைகட்டிக்கொள்வேன். ஆழமில்லாத தட்டில் ஈரமான தென்னைநார்க் கழிவைப் பரப்பி, பிழிந்தால் சொட்டாத பதத்தில், கிழங்குகளை அதற்குள் புதைத்து, வீட்டின் வடக்குப் பக்கத்து இருட்டு மூலையில் வைத்துவிடுவேன். டிசம்பர்க் குளிர் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால் குளிர்பெட்டி தேவையில்லை. இந்த மலையில் இருப்பவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் வசதி. இரண்டு வாரத்தில் கொண்டைக்குக் கீழே வெள்ளை மயிர்வேர் கிளம்பும். கெட்டுப்போன கிழங்கு எது என்பது அப்போதே தெரிந்துவிடும். விரலால் தொட்டால் வழுக்கும், நாற்றமும் அடிக்கும். அதை நீக்கிவிட்டு மற்றதை நட்டால் பாத்தியில் பொக்கை விழாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கிழங்கை ஊறப்போடாதீர்கள். இரவெல்லாம் தண்ணீரில் கிடந்த கிழங்கு மூச்சுமுட்டி அழுகும்.

விரல்கள் கீழே, கொண்டை மேலே. இரண்டு அங்குல ஆழம், அரையடி இடைவெளி. நட்டவுடன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு, தளிர் தலைகாட்டும் வரை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆசை மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் இதைக் கொல்லும் முதல் காரணம். இலை வந்த பிறகு, மேல்மண் உலர்ந்ததும் வேரில் மட்டும் படும்படி விட்டால் போதும். நீர்போகத்து (பாசனத்தில் விளையும் போகத்து) உருளைக்கிழங்குக்கு விடும் அளவில் பாதி என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உறைபனி வேறு கதை. ஊட்டிப் பக்கத்தில் தலைகுந்தா மாதிரியான தாழ்வான புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி விடியலில் வெள்ளை விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில்கூட அடிப்பாத்தி கருகும், மேல்பாத்தி தப்பும். ரெனன்குலஸ் இலை லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் கழுத்து நீண்டு வந்த மொட்டு தாங்காது. பூங்காவில் கோத்தகிரி மிலார் என்னும் புதர்ச் செடியின் கொப்புகளை வெட்டி வந்து நாற்றுகளைச் சுற்றிக் குத்தி வைப்பார்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். பிளாஸ்டிக் விரிப்பை விட மிலார்தான் எனக்கும் பிடித்தது. காற்று நடமாட்டம் இருப்பதால் உள்ளே ஈரம் அடைவதில்லை, சாம்பல் நோயும் அண்டுவதில்லை.

பூ. பிப்ரவரி கடைசியில் முதல் மொட்டு தண்டின் நுனியில் தலைகுனிந்து நிற்கும். பச்சை உறை பிளந்து நிறம் ஒரு கீற்றாகத் தெரிந்ததும் தண்டு நிமிரத் தொடங்கும். வெளி இதழ்கள் முதல் நாள் பகலில் விரிந்து, மாலை நான்கு மணி வாக்கில் மறுபடி மூடிக்கொள்ளும். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக விரியும். இப்படித் திறந்து மூடித் திறந்து மூடி, ஒவ்வொரு நாளும் இதழ் பெரிதாகிக்கொண்டே போகும். நான்காம், ஐந்தாம் நாளில் உள்ளங்கை அகலத்துக்கு வந்த பூவின் நடுவில் மட்டும் பச்சையாக ஓர் உருண்டை இன்னும் திறக்காமல் இருக்கும். ஜாடியில் வைக்கப் பறிப்பதாக இருந்தால் மொட்டை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் பொறுங்கள். மெத்தென்று அமுங்கினால் காலையில் வெட்டுங்கள். ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்.

அடுக்கிதழ்ப் பூவைத்தான் நர்சரிகள் விற்கின்றன. அதன் இதழ்களில் பல, மகரந்தக் கேசரங்கள் உருமாறியவை. அழகுதான், ஆனால் வண்டுக்கும் தேனீக்கும் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காட்டில் இருக்கும் மூலப்பூ ஒற்றையடுக்கு. கிண்ணம் மாதிரி விரிந்து, நடுவில் கருநீலக் கறுப்பில் கேசரங்கள் மொத்தமாக நிற்கும். கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் அனிமோன், காட்டு டியூலிப், ரெனன்குலஸ், பாப்பி என்று நான்கு வேறு வேறு செடிகள் இதே சிவப்பில், இதே கிண்ண வடிவில், ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன. இஸ்ரேலிய ஆய்வாளர் அமோட்ஸ் டாஃப்னியும் அவருடைய சகாக்களும் 1990ல் வெளியிட்ட ஆய்வில் அதற்குக் காரணம் காட்டினார்கள்: ரோமம் அடர்ந்த ஒருவகை வண்டுகள் சிவப்பைத் தேடி வருகின்றன, பூவுக்குள்ளேயே இணை சேர்கின்றன, மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. இந்த வண்டுக்குத் தெரியும். நூறு இதழ் பூக்களின் பாத்தியில் ஒற்றையடுக்கு ஒன்று தற்செயலாக வந்தால் நான் அதைப் பிடுங்குவதில்லை.

மனிதர்கள் இந்த ஒற்றையடுக்கை அடுக்கடுக்காக்கிய வேலை உஸ்மானியத் துருக்கியின் தோட்டங்களில் தொடங்கி ஐரோப்பாவுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இது ஒரு பித்தாகவே இருந்தது. 1792ல் ஜேம்ஸ் மேடக் என்ற லண்டன் நர்சரிக்காரரின் விற்பனைப் பட்டியலில் ஏறத்தாழ 800 ரெனன்குலஸ் வகைகள் இருந்தன. புள்ளி போட்டது, கரை கட்டியது, காபி நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். அவற்றில் அநேகமாக ஒன்றும் இன்று இல்லை. விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. பெயர் பெற்ற வகையைக் காப்பாற்ற ஆண்டுதோறும் கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, கொண்டை பிரித்து, மறுபடி நட்டாக வேண்டும். வைரஸ் ஏறினாலோ, செய்ய ஆளில்லாமல் போனாலோ அந்த வகை அத்தோடு சரி. இப்போது இத்தாலியின் சான் ரெமோ பகுதியில் திசு வளர்ப்பு மூலம் புதிய வகைகளைப் பெருக்குகிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் 50 ஏக்கர் சரிவு முழுவதும் இந்த ஒரே செடி மார்ச்சில் இருந்து மே வரை வரிவரியாகப் பூக்கிறது.

ஏப்ரல் கடைசியில் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். இந்தச் செடிக்குத் தூக்கம் வருவது நீளும் பகலாலும் ஏறும் சூட்டாலும். நம் அட்சரேகையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே இங்கே சூடும் வறட்சியும்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மஞ்சள் கண்டதும் தண்ணீரை நிறுத்துங்கள். கோடை மழை அடிக்கடி வருகிற ஆண்டாக இருந்தால் பாத்திக்கு மேல் கூரைபோல ஒரு பாலிதீன் தாளைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள். இலையை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. அந்த மூன்று, நான்கு வாரத்தில்தான் இலையில் இருந்து சத்து இறங்கிக் கிழங்குக்குள் சேர்கிறது. இலை வைக்கோல் ஆனதும், மே கடைசிக்குள், பெரிய மழை இறங்குவதற்கு முன், கைக்கொத்தால் மண்ணைத் தளர்த்தி எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்போது கையுறை நல்லது. பச்சைச் செடியை நசுக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற காரப்பொருள் உண்டாகும். மென்மையான தோலில் பட்டால் எரிந்து சிவக்கும். மாடும் பச்சையாக இதைத் தின்னாது. காய்ந்த பிறகு அந்தப் பொருள் தீங்கற்றதாக மாறிவிடுகிறது.

ஒரு கிழங்கு நட்ட இடத்தில் இப்போது மூன்று நான்கு கொண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கழுவி, கையாலேயே அவை பிரிகிற இடத்தில் பிரித்து, நிழலில் உலர்த்த வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் போடுகிறவர். என் கிழங்குகளை முறத்தில் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "அக்கா, காஞ்சிருச்சுன்னு நீங்க நெனக்கிறப்ப பாதிதான் காஞ்சிருக்கும். இன்னொரு வாரம் விடுங்க. பூண்டே அடுப்புப் பரண்ல ஏத்தலைன்னா இந்த ஊர் மழைக்கு நிக்காது." அனுபவத்தில் வந்த பேச்சு. அந்தப் பெக்டின் சுவர் வேலை செய்வது இங்கேதான். வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது போல வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால், ஜூலை மாதத்துக் கேத்தியில், சுவரில் பாசி பிடிக்கும் காற்றில், கிழங்கு ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். அதன்மேல் பச்சைப் பூஞ்சை படரும். விரலை வளைத்தால் வளையாமல் 'டக்' என்று ஒடியும் அளவுக்கு முதலில் காய வேண்டும். அதன் பிறகு இறுக்கமான மூடி உள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு அடைக்க வேண்டும். பாதி காய்ந்ததை அடைத்தால் டப்பாவுக்குள்ளேயே வெந்து அழுகும்.

இடையில் ஒன்று. இதே பேரினத்தைச் சேர்ந்த நம் மலைச் செடி ஒன்று இருக்கிறது: ரெனன்குலஸ் ரெனிஃபார்மிஸ். நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளில், சோலையின் ஓரங்களில், கோடை மழைக்குப் பிறகு தரையோடு தரையாக மஞ்சள் பூ விரிக்கும். அந்த மஞ்சளில் ஒரு பளபளப்பு உண்டு. மெழுகு தடவியதோ என்று தோன்றும். 2017ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இந்தப் பேரினத்தின் மஞ்சள் பூக்களில் அந்த ஒளி எப்படி வருகிறது என்பதை விவரமாக எழுதினார்கள். இதழின் மேல்தோல் மிக மெல்லிய, சமதளமான படலம்; அதில் நிறமி. அதற்குக் கீழே காற்று அடைத்த ஓர் இடைவெளி. அதற்கும் கீழே மாவுச்சத்து நிறைந்த வெள்ளை அடுக்கு. படலம் ஒளியைக் கண்ணாடியாகத் திருப்பும், வெள்ளை அடுக்கு அதைச் சிதறடிக்கும். நம் புல்வெளிச் செடிக்கு இந்த மலையின் மழையோடுதான் வாழ்க்கை, தோட்டத்துச் செடியின் தூக்கம் அதற்குத் தேவைப்படவில்லை. வைல்ட்ஃபிளவர் என்று தோண்டிக் கொண்டுவந்து தொட்டியில் வைக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. புல்வெளியில் ஏற்கெனவே சீகை என்னும் வாட்டில் மரமும் ஸ்காட்ச் புரூம் என்னும் வெளிநாட்டுப் புதரும் பிடித்துக்கொண்ட இடம் போக மிச்சம்தான் அதற்கு.

சேமிப்புக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் தங்கை இருக்கிறாள். மேற்கு மலைத் தொடரின் மழைமறைவில் இருக்கும் ஊர். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை காற்று அடிக்கும், மழை கொஞ்சம்தான். மழை நாளில் கேத்தியில் துணி உலர ஒரு வாரம் ஆகும், அவள் மாடியில் ஒரு மணி நேரம். அந்த மாதங்களின் வெப்பம் இந்தக் கிழங்குக்கு அதன் பிறந்த ஊர்க் கோடையின் வெப்பம்தான். "எங்க ஊர்ல பூக்காத கிழங்கை எங்கிட்ட எதுக்குடி குடுக்கற?" என்று அவள் கேட்டாள். பூக்கிற ஊர் வேறு, தூங்குகிற ஊர் வேறு என்று சொன்னேன். இப்போது மே கடைசியில் டப்பா மேட்டுப்பாளையம் வழியாக மலை இறங்குகிறது. அவள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில், அடுப்புச் சூடு லேசாகப் படும் இடத்தில் ஐந்து மாதம் இருக்கிறது. மழைக்காலத்தை மலையிலேயே கழித்த டப்பாவை விட அங்கே போய் வந்ததில் கெடுவது மிகக் குறைவு.

ஆகவே ஒரு யோசனை. சமவெளியில் இருக்கிறீர்கள், மலர்க்காட்சி பார்க்க வந்து ஆசையாக ஒரு தொட்டி வாங்கிப் போகிறீர்கள் என்றால், அது அடுத்த வருஷம் உங்கள் ஊரில் பூக்காது. டெல்லியில் குளிர்காலம் இருப்பதால் பிப்ரவரி, மார்ச்சில் அங்கே தோட்டங்களில் பூக்கிறது, மதுரையிலும் திருச்சியிலும் அந்தக் குளிர் இல்லை. ஆனால் கிழங்கை உறங்க வைக்க உங்கள் ஊரை விட நல்ல இடம் இல்லை. இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். முழுதும் காய்ந்ததும் எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். தீபாவளி கழித்து ஊட்டிக்கோ குன்னூருக்கோ கொடைக்கானலுக்கோ போகும் யாரிடமாவது, அங்கே தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர் யாருக்காவது, கொடுத்தனுப்புங்கள். மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பதையும், விரல்கள் கீழே பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.